அம்மாவோட வீக்-எண்ட் திங்கட்கிழமை!

மூணு இன்டர்னல், ரெண்டு லேப் ரெக்கார்டு, ஒரு மினி புராஜெக்ட்... எல்லாத்தையும் முடிச்சுட்டு, 'எங்கேயாவது போய் ரெண்டு நாள் கட்டை மாதிரி கிடக்கணும்டி'னு புலம்பாத காலேஜ் ஜீவன் உண்டா? எங்க ஹாஸ்டல்ல இந்தப் புலம்பல் மாசம் ஒரு தடவை கேட்கும். ஊட்டியில ஆரம்பிச்சு, கொடைக்கானல் போய், கடைசியில கேன்டீன் முட்டை பப்ஸோட முடிஞ்சுடும்.

இந்தத் தடவை அப்படி முடியலை. காரணம், புலம்பினது நான் இல்லை, எங்க அம்மா. உண்மையைச் சொன்னா அவங்க புலம்பக்கூட இல்லை. செமஸ்டர் லீவுல வீட்டுக்குப் போயிருந்தப்போ, வலது கையைத் தூக்க முடியாம இடது கையாலேயே கொடியில துணி போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் பார்த்துட்டேன், அவ்வளவுதான்.

அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனி டெய்லர். பவர் டேபிள்ல இருபத்திரெண்டு வருஷம். அதாவது, என்னைவிட அவங்க மெஷினுக்கு வயசு ஜாஸ்தி. காலையில எட்டரைக்கு ஸ்டூல்ல உட்கார்ந்தா, ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி எட்டரைக்கு எழுந்திரிப்பாங்க. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். "எலும்புல ஒண்ணும் பிரச்னை இல்லைம்மா. பத்து நாள் கைக்கு ரெஸ்ட் குடுங்க"னு சொன்னார். வெளியில வந்து அம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே... "பத்து நிமிஷம்னு சொல்லியிருப்பாரு. உனக்குத் தப்பாக் கேட்ருக்கும் கண்ணு!"

அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன். பத்து நாள் நம்மால முடியாது. ஒரு வீக்-எண்ட் முடியும். இந்தப் பக்கங்கள்ல எழுதினதுக்கு வந்தது, ரெண்டு மாசம் டியூஷன் எடுத்ததுன்னு சேர்த்து வெச்சதுல 10,000 ரூபாய் இருந்துச்சு. ரெண்டு பேர், ஒரு ராத்திரி, ஒரு நல்ல மசாஜ். பட்ஜெட்டுக்கு மேல ஒரு பைசா கிடையாது. கேட்டதும் அம்மா சொன்ன பதில்: "எண்ணெய் தேச்சு விடறதுக்கா பத்தாயிரம்? நம்மூட்டுல நல்லெண்ணெய் இல்லியா?"

போன் போட்டுப் போட்டே கை வலிச்ச கதை

மொத்தம் பதினோரு இடத்துக்கு போன் பண்ணினேன் பாஸ். நீங்களும் பண்ணுங்க. நெட்ல போட்டோ பார்த்து புக் பண்ற ஆளா இருந்தா, முதல்ல என் கதையைக் கேளுங்க. போன வருஷம் நாங்க அஞ்சு பேர் 'வேலி வியூ'னு போட்டோ பார்த்து ஒரு இடத்துக்கு அட்வான்ஸ் கட்டிட்டுப் போனோம். ஜன்னலைத் திறந்தா தெரிஞ்சது, பக்கத்து பில்டிங்கோட தண்ணி டேங்க். அட்வான்ஸ் திரும்ப வரலை. அதனால இந்தத் தடவை எல்லாமே வாய் வார்த்தையாக் கேட்டு, அப்புறம் வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பச் சொல்லி வாங்கினேன்.

முதல் அதிர்ச்சி, ரூம் ரேட்டுக்கு மேல வர்ற வரி. ஒரு இடத்துல ரூம் 7,499. இன்னொரு இடத்துல 7,999. ஐந்நூறு ரூபாய்தானேன்னு நினைச்சேன். ஒரு நாளைக்கு 7,500 வரைக்கும் உள்ள ரூமுக்கு, 2025 செப்டம்பர் 22-லேருந்து ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். அதைத் தாண்டினா 18. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். முதல் ரூம் 7,874. ரெண்டாவது 9,439. ஐந்நூறு ரூபாய் வித்தியாசம், 1,565 ஆகி நிக்குது! அதனால 'ரேட் என்ன?'னு கேட்காதீங்க. 'வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?'னு கேளுங்க. சாப்பாட்டு பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு தானாச் சேர்த்தா, வேணாம்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைச் சொன்னது. ஹோட்டல்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் ஆணையம் சொன்னது சரிதான்னுடுச்சு.

அடுத்தது, 'ஸ்பா இலவசம்'. ஆஹான்னு வாயைப் பிளந்துட்டு, எத்தனை நிமிஷம்னு கேட்டேன். பதினைஞ்சு நிமிஷமாம். அதுவும் பாதத்துக்கு மட்டுமாம். அதுவும் ரெண்டு பேருக்கும் சேர்த்தாம்! ஆளுக்கு ஒரு கால்னு வெச்சுக்கலாம் போல.

இன்னொரு இடத்துல 'வீக்-எண்ட் பஞ்சகர்மா பேக்கேஜ், ரெண்டு நாள், ஒரு ராத்திரி'ன்னாங்க. பாதி பேர் இங்கேதான் ஏமாறுறாங்க. பஞ்சகர்மாங்கிறது மசாஜ் இல்லை. வமனம், விரேசனம், வஸ்தி, நஸ்யம், ரக்த மோட்சணம்னு உடம்பைச் சுத்தம் பண்ற அஞ்சு வகை சிகிச்சை. முதல் ரெண்டும் வாந்தி, பேதி. அதுக்கு முன்னாடி உடம்பைத் தயார் பண்ணவும், பின்னாடி பத்தியம் இருக்கவும் நாள் வேணும். வாரக்கணக்கில ஆஸ்பத்திரியில தங்கிப் பண்றது. சனிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை திரும்பி வர்ற விஷயம் இல்லவே இல்லை. ரெண்டு நாள்ல நமக்குக் கிடைக்கக்கூடியது அப்யங்கம், அதாவது உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ப்பு. விட்டா கிழி ஒத்தடம், சிரோதாரான்னு நெத்தியில எண்ணெய் ஊத்துறது. அதை நேர்மையாச் சொல்ற இடமே நல்ல இடம்.

எங்க ஊரைச் சுத்தி மலைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனா, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசம் ஹைகோர்ட் உத்தரவால இ-பாஸ் வந்துச்சு. 2025 சீசன்ல நீலகிரிக்கு வீக்-எண்ட்ல ஒரு நாளைக்கு 8,000 வண்டின்னு வரம்பே வெச்சாங்க. கவர்மென்ட் பஸ்ல போனா பாஸ் பிரச்னை இல்லைதான். ஆனா வால்பாறைன்னா 40 கொண்டை ஊசி வளைவு, ஏற்காடுன்னா 20. எங்க அம்மாவுக்கு மூணாவது வளைவுலயே எலுமிச்சம்பழம் வேணும். ரிலாக்ஸ் பண்ணப் போற பயணமே உடம்பைப் படுத்தினா எப்படி? மலையை அடிச்சேன். ரயில்ல ரெண்டரை மணி நேரத்துக்குள்ள இருக்கிற இடம் மட்டும்தான்னு கோடு போட்டேன். பாலக்காடு!

"பிரஷர் உண்டோ?"

'ஸ்பா'ங்கிற பேரே ஒரு ஊர்ப்பேர் தெரியுமா? பெல்ஜியத்துல கனிம ஊற்றுக்குப் பேர்போன ஊர். 2021-ல யுனெஸ்கோ, ஐரோப்பாவோட இந்த மாதிரி 11 ஊற்று நகரங்களை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தப்போ ஸ்பாவும் அதுல ஒண்ணு. இங்கிலாந்துல இருக்கிற பாத்தும் அதுல இருக்கு. அந்தக் காலத்துல அங்கே போனவங்க டூரிஸ்ட் மட்டும் இல்லை, நோயாளிகளும்தான். நம்ம ஊர்ல ஸ்பான்னதும் மெழுகுவத்தி, ரோஜா இதழ், வெள்ளை டவல்னு போட்டோ போட்டு, உடம்புங்கிற விஷயத்தையே மறந்துடுறாங்க.

ஏன் சொல்றேன்னா, நான் பேசின பதினோரு இடத்துல எட்டு இடத்துல, வர்றவங்க உடம்பு எப்படின்னு ஒரு கேள்விகூடக் கேட்கலை. 'கப்புளா மேடம்?'னு கேட்டாங்க. 'பர்த்டே கேக் வேணுமா மேடம்?'னு கேட்டாங்க. ஒரு இடத்துல அம்மாவுக்கு எண்ணெய் மசாஜ், இருபது நிமிஷம் நீராவி, அப்புறம் ஜக்குஸின்னு அவங்களே வரிசை போட்டுக் குடுத்துட்டாங்க. எங்க அம்மா நாலு வருஷமா பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க. நீராவிச் சூட்டுல ரத்தக் குழாய் விரியும், பிரஷர் டக்குனு இறங்கும், தலை சுத்தி விழலாம். மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதை நானாச் சொன்னதுக்கு, "ஒண்ணும் ஆகாது மேடம், எல்லாரும் பண்றாங்க"னு பதில். நன்றி சொல்லி வெச்சுட்டேன்.

சுகர் இருக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போனா இன்னொரு விஷயம். அவங்களுக்குப் பாதத்துல உணர்ச்சி கம்மியா இருக்கலாம். சுடுதண்ணியில காலை வைக்கிறப்போ, சூடான கல்லை வைக்கிறப்போ சுடுறதே தெரியாம கொப்புளம் வந்துடும். கர்ப்பிணிகள், இதய நோய் இருக்கிறவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, கால் நரம்புல ரத்தக் கட்டி இருந்தவங்க எல்லாம் அவங்க டாக்டரைக் கேட்காம படுக்கவே கூடாது. உங்களுக்கு இருபது வயசு, ஒண்ணும் இல்லை, சரி. அப்பா, அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்க மாத்திரைச் சீட்டை போட்டோ எடுத்து முதல்லயே அனுப்பிடுங்க.

பதினோராவது போன்ல எடுத்தது ஒரு லேடி டாக்டர். ரேட் கேட்கிறதுக்கு முன்னாடியே மலையாளத் தமிழ்ல கேள்வி வந்துச்சு. "ஆருக்கு? வயசு எத்தரை? பிரஷர் உண்டோ? சுகர் உண்டோ? என்ன வேலை செய்யறாங்க?" கடைசிக் கேள்வியை வேற யாருமே கேட்கலை. தையல் வேலைன்னு சொன்னதும், "வலது தோளா?"னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு!

கேரளாவுல சுற்றுலாத் துறையே ஆயுர்வேத மையங்களைப் பார்த்து, தரம் பிரிச்சு சான்றிதழ் தர்ற வழக்கம் ரொம்ப நாளா இருக்கு. டாக்டர் மேற்பார்வை இருக்கணும், பெண்களுக்குப் பெண்கள்தான் தேய்க்கணும், ஆண்களுக்கு ஆண்கள்தான்னு அதுல விதி. சான்றிதழ் இருக்கான்னு கேட்டேன், போட்டோவே அனுப்பிட்டாங்க. அம்மாவோட முக்கால்வாசித் தயக்கம் அந்த ரெண்டாவது விதியிலயே தீர்ந்துடுச்சு. மீதி கால்வாசி, 'துணியைக் கழட்டணுமா?' அதையும் கேட்டேன். கச்சம் மாதிரி ஒரு துணி கட்டிக்கலாம், மேலே போர்வை உண்டு, எப்போ வேணும்னாலும் 'போதும்'னு சொல்லலாம்னாங்க. துணியே கழட்ட மாட்டேங்கிறவங்களுக்கு தாய் மசாஜ் இருக்கு. எண்ணெய் கிடையாது, லூஸான டிரெஸ்ஸோடயே கை, காலை அழுத்தி வளைச்சு விடுவாங்க. 2019-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த கலை அது. அம்மாகிட்ட வீடியோ காட்டினேன். "இது குஸ்தி"னுட்டாங்க.

21 மணி நேரக் கணக்கு

எல்லாம் சரி. எப்போ போறது? அங்கேதான் இடிச்சுது. செக்-இன் மத்தியானம் ரெண்டு மணி, செக்-அவுட் மறுநாள் காலை பதினொண்ணு. ரெண்டு நாள்னு விளம்பரத்துல சொன்னாலும் கையில கிடைக்கிறது 21 மணி நேரம்தான். நமக்கு வீக்-எண்ட்னா சனி, ஞாயிறு. அம்மாவுக்கு சனிக்கிழமை சம்பள நாள். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சுதான் கையில காசு வரும். அதுக்கப்புறம் ரயில் பிடிச்சுப் போனா நடுராத்திரி. விடிஞ்சு குளிச்சா பெட்டியைக் கட்டணும். ஒரு நாள் லீவு போடச் சொன்னா, "சனிக்கிழமை லீவு போட்டா சூப்பர்வைசர் மொகத்தைத் தூக்கி வெச்சுக்குவாரு"ங்கிறாங்க.

டாக்டரம்மாகிட்ட இதைச் சொன்னேன். "அப்போ ஞாயிறு வாங்க, திங்கள் போங்க. ஞாயிறு ராத்திரி ரூம் ரேட்டும் குறைவு"னாங்க. அட! எல்லாரும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் காலி பண்ணிட்டுப் போயிடறதால, அன்னிக்கு ராத்திரி பாதி ரூம் சும்மா கிடக்குமாம். சனிக்கிழமை 6,000 சொன்ன ரூம், ஞாயித்துக்கிழமை 4,500. ரெண்டு மசாஜ், தலைக்கு 1,800-னு 3,600. வரியோட மொத்தம் 8,325. இதுல எனக்கு மசாஜ் கிடையாது. இருபது வயசுல எனக்கு எதுக்கு? (பொய். ஆசைதான். பட்ஜெட் விடலை!)

உங்களுக்கும் இது உதவும். காலேஜ்ல திங்கட்கிழமை லீவு வர்ற வாரமாப் பாருங்க. நல்ல மழை மாசத்துல போனா இன்னும் குறையும். கேரளாவுல ஆடி மாசத்தைக் கர்க்கடகம்பாங்க. ஆயுர்வேத சிகிச்சைக்கு அதுதான் ஏத்த காலம்னு அவங்க நம்பிக்கை. ஆனா, வழக்கமான டூரிஸ்ட் கூட்டம் அப்போ இருக்காது.

ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பினோம். வாளையாறு தாண்டினதும் ஜன்னல்ல பனைமரமும் வயலுமா ஓடுது. அம்மா பையில இருந்து புளிச்சோத்தை எடுத்தாங்க. "ம்மா, அங்கே சாப்பாடு குடுப்பாங்க"ன்னேன். "குடுக்கட்டும்"னாங்க.

பன்னிரண்டு ரூம் இருக்கிற பழைய ஓட்டு வீடு அது. ஸ்விம்மிங் பூல் கிடையாது, டி.வி. கிடையாது. என் ஃப்ரெண்ட்ஸ் பார்த்தா 'இதுக்கா காசு?'னு கலாய்ப்பாங்க. டாக்டரம்மா முக்கால் மணி நேரம் அம்மாவோட பேசினாங்க. நாடி, பிரஷர் எல்லாம் பார்த்துட்டு, நீராவி வேண்டாம்னுட்டாங்க. உட்கார்ந்து தைக்கிற மாதிரி நடிச்சுக் காட்டச் சொன்னாங்க. அம்மா வெட்கப்பட்டுக்கிட்டே ஸ்டூல்ல உட்கார்ந்து, குனிஞ்சு, துணியை இழுத்து, காலால பெடலை அழுத்திக் காட்டினாங்க. நான் இதுவரைக்கும் அம்மா வேலை செய்யறதைப் பார்த்ததே இல்லைன்னு அப்போதான் எனக்கு உறைச்சுது. கம்பெனிக்குள்ள என்னை ஒரு நாளும் கூட்டிட்டுப் போனதில்லை.

மசாஜ் பண்ண வந்த சேச்சிக்கு அம்மா வயசுதான் இருக்கும். பெரிய மரக்கட்டில், சூடு பண்ணின எண்ணெய். நான் வெளியில திண்ணையில உட்கார்ந்திருந்தேன். முதல் பத்து நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பிச்சுது. அம்மா கொங்குத் தமிழ், சேச்சி பாலக்காட்டுத் தமிழ். ஒருத்தர் தோளைப் பத்தி, இன்னொருத்தர் கட்டைவிரலைப் பத்தி. நாள் முழுக்க அழுத்தி அழுத்தி சேச்சிக்குக் கட்டைவிரல் மூட்டு வீங்கிடுமாம். ராத்திரி வீட்டுக்குப் போய் சுடுதண்ணியில வைப்பாங்களாம். "ஏனுங் அம்மிணி, உங்களுக்கு ஆரு தேச்சு உடுவாங்க?"னு அம்மா கேட்டது தெளிவாக் கேட்டுச்சு. சேச்சி என்ன சொன்னாங்கன்னு கேட்கலை. ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

பயத்தமாவு தேய்ச்சு வெந்நீர்ல குளிச்சு, உச்சந்தலையில ராஸ்னாதிப் பொடி வெச்சு, கஞ்சியும் பயறும் சாப்பிட்டு, ஏழரை மணிக்குப் படுத்தாங்க அம்மா. எழுந்தது மறுநாள் காலை ஆறரைக்கு. 11 மணி நேரம்! நடுவுல ரெண்டு தடவை மூச்சு வருதான்னு எழுந்து பார்த்தேன். சத்தியமா.

திங்கட்கிழமை ரெண்டாவது மசாஜ் முடிஞ்சதும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டாங்க. "இது ரெண்டு நாளைக்குத்தான் சுகம். வலி திரும்ப வரும். எண்ணெய் இல்லை பிரச்னை, ஸ்டூல்தான் பிரச்னை. மேஜைக்குக் கீழா இருக்கு. அதனால எப்பவும் தோளைத் தூக்கி வெச்சுத் தைக்கிறாங்க. ரெண்டு இன்ச் உயரணும். மணிக்கு ஒரு தடவை எழுந்து கையைத் தொங்க விட்டுத் தோளைச் சுழற்றணும்." காசு வாங்கிட்டு, 'இது சரியாகாது'னு சொல்லி அனுப்பினவங்களை நான் முதல் தடவையாப் பார்க்கிறேன். மூணு பாட்டில் தைலம் தலையில கட்டப் போறாங்கன்னு பயந்துட்டு இருந்தேன். ஒரு பாட்டில்கூட நீட்டலை.

சரி, இவ்வளவு காசும் இல்லைங்கிற ஹாஸ்டல் கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. தென் மாவட்டத்து ஆளுங்களுக்கு இருக்கவே இருக்கு குற்றாலம். ஜூன்லேருந்து செப்டம்பர் வரை சீசன். எண்ணெய் மசாஜுக்குப் பேர்போன ஊர். ஆனா எண்ணெய், சோப்பு, ஷாம்புவோட அருவிக்குள்ள போகத் தடை இருக்கு. தேய்ச்சா, கழுவிட்டுத்தான் அருவி. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தனை அடிச்சுட்டுப் போன ஊரும் அதுதான். போலீஸ் வெளியே வரச் சொன்னா, ரீல்ஸ் எடுத்துட்டு நிக்காதீங்க.

திரும்பி வர்றப்போ ரயில்ல அம்மா கேட்டாங்க. "நெசமாச் சொல்லு, எவ்வளவு ஆச்சு?" மூவாயிரம்னு சொன்னேன். என்னையே பார்த்தாங்க. சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிக்காமலே எண்ணிச் சொல்றவங்ககிட்ட என் பொய் எடுபடுமா என்ன? "செரி, மூவாயிரம்"னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க. வலது கையை ஜன்னல் கம்பி மேல உயரமா வெச்சிருந்தாங்க.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு மறுபடியும் பவர் டேபிள். வலி பாதி குறைஞ்சிருக்காம். ஸ்டூல் அளவை டேப்பை வெச்சு எடுத்துட்டு வரச் சொன்னேன். மேஜை உயரம், ஸ்டூல் உயரம், பெடல் தூரம் எல்லாம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டு வந்தாங்க. நான் கணக்குப் போட்டுப் பார்த்தா, டாக்டரம்மா சொன்ன அதே ரெண்டு இன்ச். சூப்பர்வைசர்கிட்ட வேற ஸ்டூல் கேட்டிருக்காங்க. இன்னும் வரலை. அதுவரைக்கும் பனியன் வேஸ்ட்டை மூட்டையாக் கட்டித் திண்டு மாதிரி போட்டு உட்கார்ந்திருக்காங்க. பக்கத்து மெஷின் அக்கா, "எனக்கும் ஒண்ணு கட்டிக் குடு"ன்னாங்களாம்.